மறைந்த படமும் மீண்ட படமும்

கறையானும் செல்லும் தின்றவை போக எஞ்சிய ஏடுகளைத் தேடிச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களும் உத்தமதானபுரம் உ. வே. சாமிநாதையர் அவர்களும் பட்ட பாட்டினைத் தமிழறிந்தோர் யாவரும் அறிவர். அவர்கள் கைக்கு எட்டியவை எட்டின, எட்டாதவை போயின. வளையாபதியும் குண்டலகேசியும் முழுநூல்களாக இன்று இல்லை. பதிற்றுப்பத்தில் முதற் பத்தும் இறுதிப் பத்தும் கிடைக்கவில்லை. பனையோலைக்கு ஒரு வாழ்நாள் உண்டு. அதற்குள் பிரதி செய்வார் இல்லையாயின் நூல் மறையும். இத்தகைய இழப்புப் பழங்காலத்துக்கே உரியது என்றும், இயந்திரம் வந்த பின்னர்த் தோன்றிய கலைகளுக்கு அந்த அச்சம் இல்லை என்றும் எண்ணுதல் இயல்பே. உண்மை அவ்வாறன்று. பனையோலை வாழும் காலத்திற் பாதியையும் காணாது மறைந்த கலைப்பொருள் ஒன்று உண்டு. அதுவே திரைப்படம்.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013ஆம் ஆண்டில் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. 1912 முதல் 1929 வரை அந்நாட்டில் ஏறத்தாழ 11,000 நீண்ட ஊமைப்படங்கள் வெளிவந்தன என்றும், அவற்றுள் நூற்றுக்கு எழுபது முற்றாக மறைந்துவிட்டன என்றும் அவ்வறிக்கை கூறிற்று. இந்தியாவின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அங்கு எடுக்கப்பட்ட ஊமைப்படங்கள் 1,300க்கு மேற்பட்டவை. முழுமையாகவோ துண்டாகவோ எஞ்சியவை ஏறத்தாழ முப்பது. நடராஜ முதலியார் எடுத்த தென்னிந்தியாவின் முதற் கதைப்படமாகிய 'கீசகவதம்' இன்று இல்லை. 1931ஆம் ஆண்டில் வெளிவந்து, தமிழிற் பேசிய முதற் படம் எனப் போற்றப்படும் 'காளிதாஸ்' இல்லை. 1925ஆம் ஆண்டில் இலங்கையில் எடுக்கப்பட்ட 'ராஜகீய விக்கிரமய' என்னும் கதைப்படமும் இல்லை. பெயர்கள் நூல்களில் உள. படங்கள் உலகில் இல.

இவை எவ்வாறு மறைந்தன? முதற் காரணம் படச்சுருளின் இயல்பே. 1950களின் தொடக்கம் வரை தொழிலிற் பெரிதும் வழங்கிய சுருள் செலுலோசு நைத்திரேற்று என்னும் பொருளால் ஆயது. அது வெடிமருந்துக்கு உறவினம். ஒருகாற் பற்றிக்கொண்டால், எரிவதற்கு வேண்டிய ஒட்சிசனைத் தானே வெளியிடும். ஆதலால் நீரில் அமிழ்த்தினும் அணையாது. பற்றாமல் இருந்தாலும் நலமில்லை. வெப்பமும் ஈரமும் உள்ள அறையில் அது முதலிற் பிசுபிசுக்கும். பின்னர்ச் சுருள் சுருளாக ஒட்டிக்கொள்ளும். ஈற்றிற் பழுப்பு நிறத் தூளாய் உதிரும். பிற்காலத்தில் வந்த அசற்றேற்றுச் சுருள் எளிதில் தீப்பற்றாதது. ஆயின் அதுவும் காலப்போக்கில் வினாகிரி மணம் வீசிச் சுருங்கி வளைந்துவிடும்.

இயற்கையின்மேற் பழியைப் போட்டுவிட்டு அமைதி கொள்ளுதல் எளிது. ஆயின் மறைந்த படங்களுட் பெரும்பாலானவை தாமாக உதிர்ந்தவை அல்ல. மனிதர் கைவிட்டமையால் அழிந்தவை. 1920களின் இறுதியிற் படம் பேசத் தொடங்கிற்று. அன்றே ஊமைப்படம் விலைபோகாச் சரக்காயிற்று. அதனை வைத்துக்காக்க அறை வேண்டும். அறைக்கு வாடகை வேண்டும். தீக்காப்புக்கும் செலவு உண்டு. சுருளை எரித்தாலோ அதிற் படிந்த வெள்ளி கிடைக்கும். படமுதலாளிகள் கணக்குப் பார்த்தார்கள், எரித்தார்கள். அக்கணக்கு அன்றைய நிலையிற் பிழையானதென்று எவரும் சொல்லவில்லை. இப்படி உரியவர் கைவிட்ட ஒன்றை உரிமை இல்லாதவர் காத்தமைக்கு 'மெற்றோபொலிஸ்' என்னும் ஜேர்மன் படத்தின் வரலாறு தக்க சான்றாகும்.

1927ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் மாலை, பேர்லின் நகரின் பெரும் படமாளிகை ஒன்றில் அப்படம் முதன்முதலாகக் காட்டப்பட்டது. இயக்கியவர் பிரிட்ஸ் லாங். கதை எழுதியவர் அவர் மனைவி தேயா பொன் ஹார்பு. இசை அமைத்தவர் கொட்பிரீட் ஹுப்பேர்ட்ஸ். ஏறத்தாழப் பதினேழு மாதம் படப்பிடிப்பு நடந்தது. 50 இலட்சம் மார்க்குக்கு மேற் செலவாயிற்று. எடுத்த 'ஊபா' கம்பனி அதனாற் கடனிற் சிக்கிற்று.

கதை வருங்கால மாநகர் ஒன்றைப் பற்றியது. மேலே வானளாவிய மாளிகைகளிற் செல்வர் வாழ்கின்றனர். கீழே நிலத்துக்கடியில் இயந்திரங்களுக்கு உழைப்போர் வாழ்கின்றனர். மாநகரின் அதிபதிக்கு மகன் ஒருவன். அவன் தொழிலாளர் துயரைக் கண்டு கீழே இறங்குகிறான். தொழிலாளர்க்கு ஆறுதல் கூறும் மரியா என்னும் நங்கையின் வடிவில் விஞ்ஞானி ஒருவன் இயந்திரப் பெண்ணைச் செய்து, கலகத்தை மூட்டுகிறான். படம் 4,189 மீற்றர் நீளம். ஓடும் காலம் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம்.

பேர்லினிற் படம் எதிர்பார்த்த வருவாயைத் தரவில்லை. ஊபாவுக்குக் கடன் கொடுத்திருந்த அமெரிக்கக் கம்பனிகளுள் ஒன்றாகிய பரமவுண்ட், தன் நாட்டுக்கு இப்படம் நீளமானது என்று கண்டது. சானிங் பொலக் என்னும் நாடகாசிரியரிடம் அதனைச் சுருக்கும் வேலை ஒப்படைக்கப்பட்டது. அவர் கதையையே மாற்றினார். மூலக்கதையில் விஞ்ஞானியும் அதிபதியும் ஒரே பெண்ணைக் காதலித்தவர்கள். அவள் அதிபதியை மணந்து, மகனைப் பெற்றெடுத்த பொழுதே இறந்தவள். இயந்திரப் பெண் தோன்றியதற்கும் விஞ்ஞானியின் பகைக்கும் மூலம் அவளே. அவள் பெயர் ஹெல். அப்பெயர் ஆங்கிலத்தில் நரகத்தைக் குறிக்கும் சொல்லை ஒத்திருந்தது என்னும் காரணத்தால் அவளைப் பற்றிய காட்சிகள் யாவும் நீக்கப்பட்டன. வேர் போனபின் மரம் எவ்வாறு நிற்கும்? விஞ்ஞானியின் செயலுக்குக் காரணம் இல்லாது போயிற்று. படம் பார்த்தவர்கள் கதை விளங்கவில்லை என்றார்கள்.

ஜேர்மனியிலும் அதே விதி. 1927ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஊபா படத்தைத் திரும்பப் பெற்று, ஓகஸ்ட் மாதத்தில் 3,241 மீற்றராகக் குறைத்து மீண்டும் வெளியிட்டது. வெட்டுண்டவை 948 மீற்றர். அதாவது படத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. வெட்டிய துண்டுகளைப் பேணிவைக்கவேண்டும் என்னும் எண்ணம் எவர்க்கும் எழவில்லை. உலகம் முழுவதும் எண்பது ஆண்டுகளாகப் பார்த்துப் புகழ்ந்தது குறையுற்ற படத்தையே. பிரிட்ஸ் லாங் 1933ஆம் ஆண்டில் ஜேர்மனியை விட்டு நீங்கினார். பின்னர் அமெரிக்காவிற் பல படங்களை இயக்கினார். 1976ஆம் ஆண்டில் அங்கேயே காலமானார். தாம் எடுத்த படத்தின் முழு வடிவம் எங்கும் இல்லை என்னும் நிலையிலேயே அவர் கண்மூடினார்.

ஆயின் அது இருந்தது. ஆர்ஜென்டீனாவின் தலைநகராகிய புவெனஸ் அயர்ஸிலே, அடோல்போ வில்சன் என்னும் பட விநியோகஸ்தர் ஒருவர் இருந்தார். கத்தரி விழுமுன்னரே, 1927ஆம் ஆண்டிற் பேர்லினில் அப்படத்தை அவர் விலைபேசியிருந்தார். அதனால் முழு நீளப் பிரதி ஒன்று கடல் கடந்து தென்னமெரிக்காவுக்குச் சென்று, 1928ஆம் ஆண்டில் அங்கே காட்டப்பட்டது. காட்டி முடிந்த பின் அப்பிரதி மனுவேல் பெஞா றொட்றிகஸ் என்னும் படவிமர்சகரின் கைக்கு வந்தது. அவர் அதனைத் தம் சேகரிப்பில் வைத்துக்கொண்டார். அவருக்கு அது உலகிற் கிடைத்தற்கரிய பொருள் என்று தெரியாது. நல்ல படம் என்று மட்டுமே தெரியும். அவ்வளவே போதுமாயிருந்தது.

1960களில் அவருடைய சேகரிப்பு அந்நாட்டின் தேசியக் கலைநிதியத்துக்குச் சென்றது. நைத்திரேற்றுச் சுருள் தீயபாயம் உடையதென்பதால், அதனை 16 மில்லி மீற்றர் அளவுள்ள சிறிய சுருளிற் பிரதி செய்துகொண்டு, மூலத்தை அழித்துவிட்டார்கள். பிரதி செய்தவர்கள் தூசியைத் துடைக்கவில்லை, கீறலை நீக்கவில்லை, பல்லாண்டு ஓடித் தேய்ந்த சுருளின் காயங்கள் யாவும் புதிய சுருளிற் பதிந்தன. இதனைப் பெருங்குற்றமாகச் சொல்லலாம். ஆயின் பிரதி செய்யாமல் மூலத்தை மட்டும் அழித்திருந்தால், இன்று சொல்வதற்குக் கதையே இராது. குறையோடு செய்த பிரதியும் பிரதியே. அப்பிரதி 1992ஆம் ஆண்டில் அந்நகரின் சினிமா அரும்பொருட் சாலைக்கு வந்து, ஒரு தட்டிற் கிடந்தது.

இனி, படம் வெளிவந்ததற்குக் காரணமாயிருந்த ஒரு நினைவைச் சொல்லுதல் வேண்டும். சல்வடோர் சம்மரித்தானோ என்பவர் புவெனஸ் அயர்ஸிற் படக்கழகம் ஒன்றை நடத்தியவர். முன்னொரு காலத்தில் அக்கழகத்தில் 'மெற்றோபொலிஸ்' காட்டப்பட்டபொழுது, பழைய சுருள் இயந்திரத்தில் நிலைகொள்ளாது ஆடிற்று. படம் அசையாதிருக்கும்பொருட்டு அவர் அவ்விடத்தில் விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு மணி நேரத்துக்கு மேலாகத் தம் விரலை எடுக்க முடியவில்லை என்று அவர் பிற்காலத்திற் குறைகூறுவதுண்டு. கேட்டவர்கள் பலர் அதனை ஒரு வேடிக்கையாகவே கேட்டுச் சென்றிருக்கலாம். பெர்னாண்டோ பெஞா என்னும் இளம் விமர்சகர் மட்டும் கணக்குப் பார்த்தார். உலகில் வழங்கும் படம் அவ்வளவு நேரம் ஓடாதே. அங்ஙனமாயின் அன்று ஓடியது எது?

அவர் ஐயம் சரியானதே. ஆயின் அச்சுருளைத் தேடிப் பார்க்க வாய்ப்புக் கிடைக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. 2008ஆம் ஆண்டில் பாவுலா பெலிக்ஸ் டிடியர் என்னும் அம்மையார் அந்த அரும்பொருட் சாலையின் தலைவியானார். அவரும் பெஞாவும் சேர்ந்து சுருட்பெட்டியை எடுத்துத் திறந்து, படத்தை ஓட்டிப் பார்த்தார்கள். எண்பது ஆண்டுகளாக எவரும் காணாத காட்சிகள் ஒவ்வொன்றாய்த் தோன்றின. அவ்வாண்டின் நடுப்பகுதியில் அம்மையார் படத்தின் பிரதியோடு பேர்லின் சென்று, அறிஞர்களுக்குக் காட்டினார். 2008 ஜூலை 3ஆம் நாள் ஜேர்மன் வார இதழ் ஒன்று செய்தியை உலகுக்கு அறிவித்தது.

கண்டெடுத்தல் ஒன்று, செப்பனிடுதல் வேறொன்று. ஏடு கிடைத்தவுடன் நூல் கிடைத்துவிட்டதாகாது. பாடபேதம் பார்த்து, முறை பிறழ்ந்த ஏடுகளை ஒழுங்குசெய்து, சிதைந்த இடத்தைச் சிதைந்தது என்றே காட்டிப் பதிப்பிப்பவனே பதிப்பாசிரியன். திரைப்படத்துக்கும் அஃதே முறை. 'மெற்றோபொலிஸ்' படத்தைப் பொறுத்தவரை அப்பணி முன்னரே தொடங்கியிருந்தது. மியூனிச் நகரப் பட அரும்பொருட் சாலையைச் சேர்ந்த என்னோ பற்றலாஸ் என்பவர் 1980களிற் பல நாட்டுப் பிரதிகளையும் ஒப்பிட்டு, இழந்த காட்சிகள் எங்கெங்கு இருந்தன என்று வரையறுத்தார். அதற்கு அவருக்குத் துணைநின்றவை இரண்டு. ஒன்று, தணிக்கைச் சபையார் எழுதிவைத்த எழுத்துத் தட்டிகளின் பட்டியல். மற்றொன்று, ஹுப்பேர்ட்ஸ் எழுதிய இசைக்குறிப்பு. வாத்தியக்காரர் படத்தோடு ஒத்து வாசிக்கும்பொருட்டு, எந்தக் காட்சிக்கு எந்த இசை என்று அதில் 1,028 குறிப்புகள் எழுதப்பட்டிருந்தன. படம் போயிற்று; அதற்கு எழுதிய இசை நின்றது. யாப்பருங்கல விருத்தி முதலிய உரைகளில் வரும் மேற்கோள்களைக் கொண்டு மறைந்த நூல்களின் தன்மையை அறிவது போல்வதே இம்முறை.

2001ஆம் ஆண்டிற் செப்பனிட்ட வடிவம் ஒன்று வெளிவந்தது. அவ்வாண்டிலேயே யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இப்படம் இடம்பெற்றது. புவெனஸ் அயர்ஸ் சுருள் கிடைத்தபின், பற்றலாஸ் ஆராய்ந்து அமைத்த வரிசை பெரும்பாலும் சரியே என்று தெளிவாயிற்று. புதிதாக ஏறத்தாழ 25 நிமிடக் காட்சிகள் சேர்ந்தன. ஹெல்லின் கதை திரும்பிற்று. அதிபதியின் மகனோடு உடைமாற்றிக்கொண்டு மாநகருள் நுழையும் 11811 என்னும் எண்ணுடைய தொழிலாளியின் கதையும், மகனை வேவு பார்க்கும் மெலிந்த மனிதனின் கதையும், வெள்ளத்திற் சிக்கிய பிள்ளைகளை மீட்கும் காட்சியின் எஞ்சிய பகுதியும் மீண்டும் உயிர்பெற்றன. முன்னர் விளங்காதிருந்தவை விளங்கின.

இங்கே அறிஞர்கள் கையாண்ட நேர்மை குறிப்பிடத்தக்கது. ஆர்ஜென்டீனச் சுருளின் கீறல்களை இயன்றவரை குறைத்தார்களேயன்றி, முற்றாக மறைக்க முயலவில்லை. சிறிய சுருளிற் பிரதி செய்தபொழுது படத்தின் ஓரம் ஒரு பக்கம் வெட்டுண்டிருந்தது. அதனை ஒட்டி நிரப்பவில்லை. ஆதலால் தெளிவான காட்சி ஓடிக்கொண்டிருக்கையில், திடீரெனக் கீறல் மழையோடு சற்றுச் சிறிய காட்சி வரும். பார்ப்பவன் 'இஃது இழந்து மீண்ட பகுதி' என்று உடனே அறிவான். அன்றியும் இரு காட்சிகள் ஆர்ஜென்டீனச் சுருளிலும் பயன்படாவாறு சிதைந்திருந்தன. அவை வரவேண்டிய இடத்தில், இங்கே இது நிகழ்ந்தது என்று சொல்லும் எழுத்துத் தட்டிகளே உள்ளன. 2010ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் நாள் பேர்லினிலும் பிராங்பேர்ட்டிலும் ஒரே இரவில் அப்படம் நேரடி இசையோடு காட்டப்பட்டது. மண்டபத்துள் இடம் பெறாதோர் பிராண்டன்பர்க் வாயிலில் அமைத்த திரையின்முன், கடுங்குளிரிற் பனியில் நின்று கண்டார்கள். வெளிவந்த ஆண்டில் ஆதரவு பெறாத படத்துக்கு எண்பத்து மூன்று ஆண்டுகளின் பின் கிடைத்த வரவேற்பு அது.

இவ்வரலாறு தனித்ததன்று. டென்மார்க் நாட்டுக் கார்ல் டிறேயர் பிரான்சிலே எடுத்த 'ஜோன் ஒவ் ஆர்க்கின் பாடுகள்' என்னும் படம் 1928ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வாண்டின் முடிவுக்குள்ளேயே அதன் மூலச்சுருள் பேர்லினில் நெருப்புக்கு இரையாயிற்று. டிறேயர் மனந்தளராது, படப்பிடிப்பில் எடுத்து ஒதுக்கிய சுருள்களைக் கொண்டு அதே படத்தை இரண்டாம் முறை தொகுத்தார். அதன் மூலமும் மறு ஆண்டில் எரிந்தது. 1968ஆம் ஆண்டில் அவர் இறந்தார். 1981ஆம் ஆண்டில் நோர்வே நாட்டின் ஒஸ்லோ நகருக்கு அருகிலுள்ள மனநோய் மருத்துவமனை ஒன்றில், ஊழியர் ஒருவர் அறையொன்றைத் துப்புரவு செய்கையில் சில தகரப் பெட்டிகளைக் கண்டார். வீசிவிடாமல் அவை நோர்வே திரைப்பட நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டன. அங்கேயும் அவை மூன்றாண்டளவு திறக்கப்படாமற் கிடந்தன. திறந்தபொழுது, டிறேயர் முதன்முதலில் தொகுத்த வடிவமே உள்ளே இருந்தது. மருத்துவமனைக்கு அது வந்த வரலாற்றை எவராலும் உறுதியாகக் கூற முடியவில்லை.

கனடாவின் வடகோடியில் டோசன் என்னும் சிற்றூர் உண்டு. பொன் தேடுவோர் கூடிய ஊர் அது. படங்கள் ஊர் ஊராக ஓடித் தேய்ந்து, கடைசியாக அங்கே வந்து சேரும். திருப்பி அனுப்பும் செலவு படத்தின் விலையிலும் அதிகம்; ஆதலால் உரிமையாளர் அவற்றைத் திரும்பக் கேட்கவில்லை. பெருந்தொகையான சுருள்களை யூக்கோன் ஆற்றில் எறிந்தார்கள். மேலும் சிலவற்றை, 1929ஆம் ஆண்டிலே, தூர்ந்துபோகவிட்ட நீச்சற் குளத்தை நிரப்பும் மண்ணோடு மண்ணாகப் புதைத்தார்கள். குப்பையென்று புதைத்த இடம் என்றும் உருகாத உறைநிலம். ஆகவே அதுவே குளிரறையாயிற்று. 1978ஆம் ஆண்டிற் புதிய கட்டடத்துக்காக நிலத்தை அகழ்ந்தபொழுது 500க்கு மேற்பட்ட சுருள்கள் வெளிப்பட்டன. நைத்திரேற்றுச் சுருளைப் பொது வாகனங்களில் ஏற்ற எவரும் இசையாமையால், படை விமானம் ஒன்று அவற்றைத் தலைநகருக்குக் கொண்டுசென்றது. அவற்றுட் பல, வேறெங்கும் இல்லாத படங்கள்.

தொலைக்காட்சிக்கும் இவ்விதி நேர்ந்தது. 1960களில் ஒளிநாடா விலை மிகுந்த பொருள். ஒருமுறை ஒளிபரப்பிய நிகழ்ச்சியை அழித்துவிட்டு அதே நாடாவில் வேறொன்றைப் பதிவது பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திலும் வழக்கமாயிருந்தது. 'டொக்டர் ஹூ' என்னும் புகழ்பெற்ற தொடர்நாடகத்தின் பல பகுதிகள் அவ்வாறே மறைந்தன. ஆயின் பிற நாடுகளுக்கு விற்பதற்காகச் சில பிரதிகள் படச்சுருளில் எடுக்கப்பட்டிருந்தன. நைஜீரியாவின் ஜோஸ் நகரிலுள்ள தொலைக்காட்சி நிலையத்தில் அத்தகைய சுருள்கள் தூசி படிந்து கிடந்தன. அவற்றிலிருந்து இழந்த ஒன்பது பகுதிகள் மீட்கப்பட்டமை 2013ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. தலைநகரில் அழிந்தது, எங்கோ தொலைவில் உள்ள ஊரில் வாழ்ந்திருந்தது.

புவெனஸ் அயர்ஸ், ஒஸ்லோவின் மருத்துவமனை, டோசன், ஜோஸ் ஆகிய நான்கு இடங்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு. இவற்றுள் எதுவும் படம் பிறந்த இடமன்று. உரிமைப் பத்திரம் வைத்திருந்தவர்கள் காக்கவில்லை. பயன் தீர்ந்தபின்னும் வைத்திருந்தவர்களாலும், திருப்பி அனுப்ப முடியாதவர்களாலும், எறிய மறந்தவர்களாலும் அவை பிழைத்தன. அவர்களுட் பலருக்குத் தாம் காப்பது யாது என்றே தெரியாது. ஆயின் இதிலிருந்து, கலையைக் காப்பதற்கு மறதியே போதும் என்று கொள்ளலாகாது. ஒன்று பிழைத்தபொழுது ஆயிரம் மறைந்தன என்பதனை முன்னர்க் கூறிய கணக்கு உணர்த்தும். அறிந்தே காத்தவர் இருந்த இடத்திலேயே பயன் மிகுதி. 1964ஆம் ஆண்டிற் பூனா நகரில் நிறுவப்பட்ட இந்திய தேசியத் திரைப்படக் காப்பகத்தில் பி. கே. நாயர் அவர்கள் செய்த தொண்டு அதற்குச் சான்று. பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா'வில் எஞ்சிய பகுதிகள் இன்று காணக் கிடைப்பதற்கும் அவர் உழைப்பே காரணம்.

இலங்கையைப் பொறுத்தவரை இப்பொருள் வெறும் பிறநாட்டு வரலாறன்று. 1947ஆம் ஆண்டில் வெளிவந்த முதற் சிங்களப் பேசும் படமாகிய 'கடவுணு பொறொந்துவ' மதுரையிலே எடுக்கப்பட்டது, தயாரித்தவர் எஸ். எம். நாயகம். தொடக்கம் முதலே இந்நாட்டுத் திரைக்கலை இரு மொழியினரும் சேர்ந்து வளர்த்த செல்வம். 1983ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கே. குணரத்தினம் அவர்களுக்குரிய ஹெந்தளை விஜயா படப்பிடிப்பு நிலையம் தீக்கிரையாயிற்று. அங்கே பல படங்களின் மூலச்சுருள்களும் சாம்பலாயின. அதற்கு இரண்டாண்டு முன்னர், 1981இல், யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏட்டுச்சுவடிகளோடு எரிக்கப்பட்டது. படமுதலாளி செலவுக்கஞ்சிக் கைவிட்டது ஒருவகை இழப்பு, இது வேறுவகை. ஹெந்தளையில் எரிந்தவை தமிழ்ப் படங்களா, சிங்களப் படங்களா என்று நெருப்புக் கேட்கவில்லை. இழந்தவர்கள் இரு மொழியினருமே.

மீட்சிக்கும் இந்நாட்டில் உதாரணம் இல்லாமலில்லை. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1963ஆம் ஆண்டில் அளித்த 'கம்பெரலிய' அமெரிக்கப் பல்கலைக்கழகக் காப்பகம் ஒன்றிற் செப்பனிடப்பட்டு, 2008ஆம் ஆண்டில் கான் திரைப்பட விழாவிற் காட்டப்பட்டது. அவருடைய 'நிதானய' 2013ஆம் ஆண்டில் அவ்வாறே செப்பமுற்று வெனிஸ் விழாவுக்குச் சென்றது. இலங்கைத் தமிழ்ப் படங்களுக்கோ அப்பேறு கிடைத்தல் அரிது. 1960களின் தொடக்கத்தில் 16 மில்லி மீற்றர்ச் சுருளில் எடுக்கப்பட்ட 'சமுதாயம்' முதலாக, அவை எண்ணிக்கையிற் சிலவே. தோட்டத் தொழிலாளர் வாழ்வைத் தொட்ட 'தோட்டக்காரி', வானொலி நாடகமாய் ஒலித்துப் பின் திரைக்கு வந்த 'கோமாளிகள்', செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய 'வாடைக்காற்று', தர்மசேன பத்திராஜா யாழ்ப்பாணத்தில் எடுத்த 'பொன்மணி' என்று அவற்றின் பெயர்களை முதியோர் இன்றும் சொல்வர். அவற்றுட் சில ஓடிய நாள்கள் மிகக் குறைவு. அவை பெருங்கலைப் படைப்புகளா என்னும் வாதம் வேறு. அக்கால மக்களின் முகமும் நடையும் பேச்சும், அக்காலத்துத் தெருவும் கடற்கரையும் அவற்றிற் பதிந்துள்ளன. அவற்றை இன்று எவராலும் மீண்டும் எடுக்க இயலாது.

படங்களை மட்டும் தேடவேண்டும் என்பதில்லை. ஹுப்பேர்ட்ஸின் இசைக்குறிப்பும் தணிக்கைப் பட்டியலும் செய்த உதவி மேலே கூறப்பட்டது. பாட்டுப் புத்தகம், விளம்பரத் துண்டு, படப்பிடிப்பில் எடுத்த நிழற்படம், நடிகர் எழுதிய கடிதம், கதைவசனக் கையெழுத்துப்படி ஆகிய ஒவ்வொன்றும் ஒருநாள் ஒரு காட்சியின் இடத்தைச் சொல்லக்கூடும். மூடிக் கிடக்கும் படமாளிகையின் இயந்திர அறையிலோ, பழைய விநியோகஸ்தர் வீட்டுப் பரணிலோ, வெளிநாடு சென்ற குடும்பத்தின் பெட்டியிலோ அவை இருக்கலாம். அவற்றைக் கண்டவர் செய்யவேண்டியது பெரிதன்று. பெட்டியை வலிந்து திறவாமலும், வெயிலில் வைக்காமலும், வினாகிரி மணம் வீசுகின்றதென்று வெறுத்து எறியாமலும், திரைப்படக் கூட்டுத்தாபனத்துக்கோ பல்கலைக்கழகம் ஒன்றுக்கோ அறிவித்தல் போதும். முதியவர் ஒருவர் பழைய படம் ஒன்றைப் பற்றிக் கதை சொல்லும்பொழுது, அதனைச் சற்று நின்று கேட்டலும் நன்று.

சம்மரித்தானோ தம் விரல் நொந்த கதையைச் சொன்னபொழுது அரிய செய்தி ஒன்றை அறிவிப்பதாக அவர் எண்ணவில்லை. கேட்டவருள் ஒருவர் மட்டும் அதன் பொருளை உணர்ந்தார். உணர்ந்தும் இருபது ஆண்டு காத்திருந்தார். அந்நாள் முழுவதும் சுருள் தட்டிலேயே இருந்தது. எடுத்து ஓட்டிப் பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது, அவ்வளவே.